ஊறவைத்த உளுந்து

தொண்ணூற்று மூன்றா நான்கா, சரியாக நினைவில்லை. கோவை உக்கடத்தில் ஜபருல்லாவின் கிரைண்டர் கடை மூடும் நிலைக்கு வந்திருந்தது. வரும் ஆண்களிடம் அவர் மோட்டாரின் பெருமையையே பேசிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, ஊட்டுல மாவாட்டறது அந்த ஆம்பளைங்களாங்க?” என்று மனைவி ஜாஹிதா சிரித்தாள்.

 மறுநாள் ஜபருல்லா கடை வாசலில் பலகை வைத்தார்: ஊறவைத்த அரிசி, உளுந்தோடு வாருங்கள், இலவசமாக ஆட்டித் தருகிறோம்.

முதலில் வந்த சாமியாத்தாள் மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இட்லி ஆறுனப்பறந்தான் சொல்லுவனுங்க.”

“சாப்பிட்டுப்போட்டே சொல்லுங்க அம்மணி,” என்றார் ஜபருல்லா.

இரண்டு நாள் கழித்து அவள் தூக்குப்போசியில் இட்லி கொண்டுவந்தாள். ஆறியும் மெத்தென்றிருந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“எனக்கொரு கிரைண்டர் எடுத்து வைங்க. பக்கத்து ஊட்டுக்காரிகளும் வாராங்க.”

கடை பிழைத்தது. ஜபருல்லா இப்போது இல்லை. கடையை ஜாஹிதா பார்த்துக்கொள்கிறாள். சாமியாத்தாள் மகளோடு உடுமலைப்பேட்டையில் இருக்கிறாள். அன்று வாங்கிய கிரைண்டரும் அங்கேதான்.