எட்டு நிறங்களின் வரிசை

அன்று காலை அவள் கடைசியாகப் பேசியது சுவிட்சைப் பற்றித்தான். விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. மாடிப்படிக்குக் கீழே, வீட்டின் இணையக் கம்பிகளெல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டி.

"ஏங்க, இதை மாத்திடலாமா? மாடிக்குப் போறதுக்குள்ள நெட்டு நொண்டியடிக்குது. மீட்டிங்ல நம்ம பொண்ணு மூஞ்சி கட்டம் கட்டமா நிக்குதாம்."

"ஓடிக்கிட்டிருக்கறதை எதுக்கு மாத்தணும்? அடுத்த மாசம் பாக்கலாம்."

"உங்களுக்கு எல்லாமே அடுத்த பதிப்புலதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடை அவளுடையது. பதினோரு மணிக்கு அங்கே ஓர் இயந்திரத்தின் மேல் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

நான்கு மாதம் கழித்து மகள் பேச்சை எடுத்தாள். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள்.

"அப்பா, ஆபீஸ்ல ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. லைன் இப்படியே இருந்தா நான் வேற ஊருக்குப் போய் அவங்க ஆபீஸ்லயேதான் உக்காரணும். சுவிட்ச், கேபிள் எல்லாத்தையும் மாத்திடலாம்பா."

சுவிட்ச் போகட்டும். கேபிளை எப்படி மாற்றுவது? ஆறு வருடம் முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்து அதைச் சுவருக்குள் இழுத்தவள் அவள் அம்மா. ஏணியில் நின்று முனைகளில் பிளக் மாட்டினாள். நான் கீழே நின்று, காகிதத்தைப் பார்த்து, கேபிளுக்குள் இருக்கும் எட்டு மெல்லிய இழைகளின் நிறங்களையும் வரிசையாக வாசித்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் யோசித்தேன். மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளும் போய்விட்டால் இந்தச் சுவர்களோடு நான் என்ன செய்வது? நானே ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவர் ஒரு முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு இன்னொன்றை.

"இந்த பிளக்கெல்லாம் யார் சார் அடிச்சது?"

"என் மனைவி."

"கை சுத்தம். ஆனா வரிசை தப்பு. பச்சை ஜோடிக்கு நடுவுல நீல ஜோடி வரணும். இங்க எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரெண்டு முனையும் ஒரே மாதிரி தப்பா இருக்கறதால ஓடுது, ஆனா இழுத்துக்கிட்டுதான் ஓடும். பாவம், சுவிட்ச் மேல ஒரு குத்தமும் இல்ல. கேபிளும் நல்ல கேபிள். முனையை மட்டும் வெட்டித் திருப்பி அடிச்சாப் போதும்."

முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். கேபிள் இழுத்த அன்று காகிதத்தில் வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை என்று இருந்தது. மற்ற நிறங்கள் ஜோடி ஜோடியாக இருக்க, இது மட்டும் கலைந்திருந்ததால் அச்சுப்பிழை என்று முடிவு கட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மனத்துக்குள்ளேயே திருத்தி, வெள்ளைப்பச்சை, பச்சை, வெள்ளைநீலம், நீலம் என்று வாசித்தேன்.

"சரியாப் பாத்தீங்களா?" என்று ஏணியிலிருந்து கேட்டாள்.

"என்கிட்டயா கேக்கற?"

சிரித்துக்கொண்டே அடித்தாள். ஆறு வருடம் அந்தப் பெட்டியைத் திட்டினாள். தன் வேலையில்தான் குறையோ என்று ஒருமுறை ஒரு முனையை வெட்டி மறுபடியும் அடித்தாள். அப்போதும் நான்தான் வாசித்தேன்.

மகளிடம் சொன்னேன். "அம்மா மேல தப்பில்ல. நான் தப்பா வாசிச்சேன்."

"அம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தா உங்களை வருஷம் பூரா ஓட்டியிருப்பாப்பா" என்று சிரிக்கத் தொடங்கியவள், படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வந்தவர் கத்தரியைக் கையில் எடுத்தார். "வெட்டட்டுமா சார்?"

"வெட்டுங்க."

அவருக்கு யாரும் நிறங்களை வாசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். சுவிட்சை மாற்றவில்லை. வேறு ஊர்ப் பேச்சு அதோடு நின்றது.

கம்பியின் உறையில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஓர் எண் அச்சிட்டிருக்கிறது. மகளின் அறைக்குப் போகும் கம்பி படிக்குக் கீழே 196 என்ற எண்ணோடு சுவருக்குள் நுழைகிறது. மாடியில் 214 என்ற எண்ணோடு வெளியே வருகிறது. நடுவில் அவள் இழுத்த பதினெட்டு மீட்டர் அப்படியே இருக்கிறது.