செபெலா விரல்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் மலாக்காவின் காஜா பெராங்கில், தவில்காரர் நல்லையாவின் ஒடிந்த நடுவிரல் பக்கத்து வீட்டு அப்துல் கய்யூமின் கையில் போய்க் குணமானது. லாரிக் கதவில் நசுங்கிய விரல் அது. சுதந்திர தின மெர்டேக்கா ஊர்வலத்தில் மலாக்காவே அதிர வாசிக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மனிதர், பாவம், குழந்தைமாதிரி அழுதார். ஆஸ்பத்திரியில் மலாய்க்கார டிரெஸ்ஸர், விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றி, எலும்பை நேராக்கினார். வீட்டில் கட்டு மாற்றும்போது இடையில் பஞ்சு வைத்து ‘ஜாரி செபெலா’வோடு சேர்த்துக் கட்டுங்கள் என்றார்.

பக்கத்து விரல் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் செபெலா என்றால் பக்கத்து வீட்டுக்காரர். நல்லையாவின் மனைவி பொன்னம்மா நேரே கய்யூமின் மளிகைக்கடைக்குப் போய் நின்றார். தவில் சத்தம் பொறுக்காமல் நல்லையாவோடு பேச்சையே நிறுத்தியிருந்தவர் கய்யூம்.

“பாய், மெர்டேக்காவுக்கு அவரு வாசிச்சே ஆவணும். ஒங்க வெரலக் கொஞ்சம் குடுங்க.”

“வெரல்தானேம்மா, எடுத்துக்க. அதுவரைக்கும் அந்தச் சத்தம் நிக்கும்ல?”

இரண்டு நடுவிரல்களும் ஒரே கட்டுக்குள் வாரக்கணக்கில் கிடந்தன. இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள், சேர்ந்தே மிளகு நிறுத்தார்கள். குளித்த கதையெல்லாம் இங்கே வேண்டாம். ஊர்வலத்தன்று காலை கட்டைப் பிரித்தால் விரல்கள் இடம் மாறியிருந்தன. நல்லையா தன் கைக்கு வந்த விரலில் தவில் வாசிக்கிற கூட்டை மாட்டித் தட்டிப் பார்த்தார். தா, தீ என்று ஒரு தவில் சொல்லும் விழவில்லை. மஞ்சள் கறை படிந்த அந்த விரலுக்கு மிளகு நிறுக்கத்தான் தெரியும். மானம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கய்யூம் தராசுத் தட்டோடு ஓடி வந்தார். அவர் கையிலிருந்த விரல் தட்டில் தகதிமி போட்டுக்கொண்டிருந்தது.

“எந்திரிய்யா. இது என்னையக் கடையில ஒக்கார விடல.”

அன்றைக்கு ஒரே தவிலை இரண்டு பேர் வாசித்துக்கொண்டு போனார்கள். வார் நல்லையாவின் கழுத்தில், விரல் கய்யூமின் கையில். அடேயப்பா, என்ன வாசிப்பு! பக்கத்தில் நின்றவர் சொல்வது காதில் விழவில்லை. கூட்டத்தில் நின்ற டிரெஸ்ஸர் இருவரையும் நிறுத்தி, நகங்களை அழுத்தி, சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தார். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவைத்தார்.

பிறகு கல்யாணங்களுக்கு இருவரையும் சேர்த்தே அழைத்தார்கள். சில வருஷங்களில் நல்லையா நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் மகள் சிவகாமசுந்தரியின் கழுத்தில் தாலி ஏறும்போது கய்யூம் பாய் ஒற்றை விரலில் கூடு மாட்டிக்கொண்டு தவிலருகே உட்கார்ந்தார்.

தன் கெட்டிமேளத்தை அப்பாதான் வாசித்தார் என்று சிவகாமசுந்தரி இன்றும் சொல்வாள். காஜா பெராங்கில் யாரும் அதை மறுத்ததில்லை.