சோயா ரொட்டி ஏன் உப்பியது?

1

விரல் நுனியில் ஊசியை அழுத்தினாள். ஒரு சொட்டு. கருவி ஐந்து விநாடி யோசித்தது. இருநூற்றுப் பதினெட்டு.

அடுத்த விரல். இருநூற்றுப் பதினாறு.

"பொய் சொல்லுது" என்றாள், கருவியை முறைத்து.

(இந்தக் கதை ஒரு மாவு டப்பாவிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வழக்கமாக என் தொடர்களில் முதல் பத்தியிலேயே ஒரு பிணம் விழும். இங்கே இரண்டு சொட்டு ரத்தம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு உட்கார்ந்து ஊரில் பாதிப் பேரைச் சாலைக்கு அனுப்பியவள். இப்போது சர்க்கரை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைப் பரிசோதனையிலும் இறங்காவிட்டால் இன்சுலின் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்சுலின் போடுகிறவர்களை அந்தப் பயிற்சிப் பள்ளி வண்டியில் ஏற்றாது. அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுக்கும். அவளுக்கு நாற்காலி என்றால் அது நகர வேண்டும்.

ஆகவே, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஏறியது. எந்த உணவு எத்தனை வேகத்தில் ரத்தத்தில் சர்க்கரையாகிறது என்ற பட்டியல். விளக்குவதற்குத் தொழிலே கைகொடுத்தது.

"வெள்ளை ரொட்டி பிரேக் இல்லாத லாரி. சோயா, ஸ்கூல் வாசல்ல போற வண்டி. ரெண்டும் ஊர் போய்ச் சேரும். எதெதை இடிச்சிட்டுப் போய்ச் சேருதுங்கறதுதான் விஷயம்."

யாரிடம் சொன்னாள்? கணவனிடம். (அவனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். வீட்டில் சும்மா இருக்கும் பாத்திரம். கேட்டுத் தலையாட்டியதோடு அனுப்பிவிட்டேன்.)

3

சோயா மாவு, சோயா பால், கொஞ்சம் முழுக்கோதுமை மாவு, ஈஸ்ட். முதல் ரொட்டி செங்கல். இரண்டாவது செங்கல்லுக்கு அண்ணன். மூன்றாவதை அறுக்கக் கத்தியை ஓங்கியபோது அவள் கண்களில் ஒரு...

(கத்தி என்றாலே என் கை தானாக ஓடுகிறது. நிறுத்துகிறேன்.)

குற்றம் அவள்மேல் இல்லை. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைக்கும் பசை சோயா மாவுக்குக் கிடையாது. அது தெரியாமல் பழியைத் தன் கைமேல் போட்டுக்கொண்டாள். பிசையக்கூடத் தனக்கு வக்கில்லை என்று அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்காவது ரொட்டி பந்தாக எழுந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தாள். பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு போனது. பள்ளிக்கு நாலு. அன்று தொட்டு தினமும் காலையில் அதே ரொட்டி. அன்று தொட்டுத்தான் எண்ணும் ஏறியது.

4

சந்தேகப்பட ஆள் வேண்டும்.

நாத்தனார் வரும்போதெல்லாம் பிஸ்கட்டோடுதான் வருவாள். ஆனால் பேசிக்கொண்டே கடைசித் துண்டுவரை அவளே தின்றுவிட்டுப் போவாள். தள்ளுபடி. கருவி? ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட அதே எண். விடுதலை.

மாவு மில்காரர்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. ஒரு பழைய பகை தைத்துக் கொடுத்தேன்; மனுஷனுக்குப் பொருந்தவில்லை. அவளே நேரில் போய் விசாரித்தாள். 'விசாரித்தாள்' என்பது மரியாதைக்கு எழுதியது. தெருவே எட்டிப் பார்த்ததாம்.

"உங்க கண்ணு முன்னாடிதானேம்மா அரைச்சேன்? வீட்டுக்குப் போனப்புறம் என்னாச்சுன்னு எனக்கென்ன தெரியும்?"

(இந்த வசனத்தை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.)

5

முடிவுகள் தயார் செய்தேன். ஒன்று: மனக்கவலைதான் சர்க்கரையை ஏற்றியது என்று மருத்துவர் சிரிக்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். இரண்டு: மில்லில் மாவு மாறிப் போனது, மில்காரர் மன்னிப்பு...

அதற்குள் அவள் குறுக்கே வந்துவிட்டாள்.

"மத்த எல்லாத்தையும் நிறுத்திடறேன். நாளையிலேருந்து மூணு வேளையும் இந்த ரொட்டிதான். அது ஒண்ணுலதான் எனக்குச் சந்தேகமே இல்ல."

இந்த வசனம் நான் எழுதியதில்லை. நேற்று சாயங்காலம் அவள் சொன்னது.

6

வாசகரே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். நான் எழுதுவதையெல்லாம் அச்சுக்குப் போகுமுன் படிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். இந்த ஒருமுறை அவளுக்கும் ஆள் தெரியவில்லை.

இனி உன்னிடம். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் கதையாக எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இன்றைய ரொட்டியைத் தொடாதே. முடிவை நீயே எழுது. எப்படி எழுதினாலும் ஒரு வரியைக்கூட அடிக்கமாட்டேன்.

நீ தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், மில்லிலிருந்து டப்பா நிறைந்து வரும்போதெல்லாம் பாதி சோயா மாவை எடுத்துவிட்டு மைதாவைப் போட்டுக் கலக்கியவன் நான்.