குடோனுக்குள் நுழையக் காசு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு என்ன கேடு பிடித்ததோ தெரியவில்லை. கடைக்குள் நுழைவதற்கே காசு கட்டுகிறார்கள். சாமானுக்குக் காசு அப்புறம். முதலில் வாசலைத் தாண்டுவதற்குக் காசு. கட்டினால் மூஞ்சியைப் படம் பிடித்து ஒரு கார்டு தருவான். அதை என்னவோ பதக்கம் மாதிரி எடுத்துக்கொண்டு திரிகிறார்கள். சரி, உள்ளே போனால் கடையா இருக்கிறது? குடோன். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, கூரை வரைக்கும் இரும்புத் தட்டு, அதில் அட்டைப்பெட்டி அடுக்கு. நான் நாற்பது வருஷம் இப்படிப்பட்ட குடோனில் மூட்டை தூக்கியவன். உள்ளே போக எனக்குக் கூலி கொடுத்தார்கள். இவர்கள் கூலியைத் தாங்களே கொடுத்து, மூட்டையையும் தாங்களே தூக்கிக்கொண்டு, இளித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். கேட்டால் லாபமாம்.

ஊரைச் சொல்வானேன். என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள்.

என் வீட்டுக்காரிக்கு அந்தக் கார்டு இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு வருவார், இவள் போவாள். வாளி வாளியாகப் பாத்திரம் கழுவுகிற சோப்பு, பாளம் பாளமாக வெண்ணெய், ஒரு பட்டாளத்துக்கே போதுகிற காலுறை என்று வந்து இறங்கும். பிறகு மாடி வீட்டு நர்ஸம்மாவும் பக்கத்து வீட்டு டைலரம்மாவும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் சமையலறைக்கு வருவார்கள். மூன்று வீட்டுக்கும் பங்கு போடுவார்கள். முந்திரியை எண்ணி வைப்பதும், பிடுங்குவதும், சிரிப்பதும்... நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தி கேட்க முடியாது.

இந்த ஞாயிறு காலையில், அந்தக் கார்டுக்கு வருஷம் முடிகிறது, மறுபடி காசு கட்ட வேண்டும் என்றாள். பிடிக்கவில்லை என்று சொன்னால் கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளை வாய் தவறி என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது போதும்.

"திருப்பிக் குடுத்துடு. ஏமாந்தது போதும்" என்றேன்.

அவள் காப்பி டம்ளரை என் முன்னால் வைத்தாள். "என்னங்க, நீங்க வேலைய விட்டு வீட்டுல உக்காந்ததுலேர்ந்து இந்த வீட்டுல நான் வாய்விட்டுச் சிரிக்கிறது அந்த ஒரு நாள்தான். அதையும் கேன்சல் பண்ணணுமா?"

காப்பியைக் குடித்தேன்.

அவளே சொன்னாள்: "சரி, ஒரு பந்தயம். இன்னைக்கு நீங்களும் வாங்க. அங்க ஒரு ஏமாத்து வேலையக் கண்டுபிடிச்சுக் காட்டுங்க, கார்ட நானே திருப்பிக் குடுத்துடறேன். ஆனா நீங்களா கைய நீட்டி ஒரே ஒரு சாமான் எடுத்தீங்கன்னா, வாயத் திறக்காம காசு கட்டணும்."

"ஒண்ணும் எடுக்கலன்னா?"

"அப்பவும் கேன்சல்தான்."

நல்ல பந்தயம். கையைக் கட்டிக்கொண்டு நடந்தாலே ஜெயித்துவிடலாம். கிழவி கோட்டை விட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினேன்.

உள்ளே நுழைந்த உடனே ஒரு பெண் சின்னக் காகிதக் கிண்ணத்தில் பாலாடைக்கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். "சாப்பிட்டுப் பாருங்க தாத்தா, சும்மாதான்."

தூண்டிலில் புழுவைக் கோக்கிறவனும் மீனிடம் அதைத்தான் சொல்வான். என் வீட்டுக்காரியைப் பார்த்தேன்.

"இது கணக்குல சேராது, சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்டேன். சுமார்தான். சந்தேகம் தீர்வதற்காக அந்தப் பக்கம் சுற்றி வந்து இன்னொன்று சாப்பிட்டேன். மூன்றாவது முறை போனபோது அந்தப் பெண்ணே எடுத்து நீட்டினாள்.

என் வீட்டுக்காரி டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். வீட்டில் முழங்கால், முழங்கால் என்று முனகுகிறவள் இங்கே குதிரை மாதிரி போகிறாள். அவளுக்குப் பிடித்த சாமான்களைப் பழைய சிநேகிதிகளை விசாரிப்பதுபோலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இந்தத் துண்டு பாருங்க, எத்தனை துவைச்சாலும் மொரமொரன்னு ஆகாது. இந்தத் தேன் டைலரம்மாவுக்கு. குப்பைப் பை, இது கிழியவே கிழியாது. வறுத்த பாதாம், இதுக்காகவே நர்ஸம்மா நைட் டூட்டி முடிச்சுத் தூங்காம காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அவ்வளவு பாதாம வச்சுக்கிட்டு யானையா வளக்கப் போறீங்க?"

"வீட்டுல ஒண்ணு இருக்குதே, போதாதா?" என்றாள். மாப்பிள்ளை பேட்டரி அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி நின்றார். தோள் குலுங்கியது.

டார்ச் விளக்கு இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தோல் கையுறை, நல்ல தடிப்பானது, கட்டாக இருந்தது. வேறு பக்கம் பார்த்தேன். சர்க்கரை மூட்டைகள் அடுக்கிய இடத்துக்கு வந்ததும்தான் எனக்குத் தெம்பு வந்தது. மூட்டை நம் சமாச்சாரம்.

"இத ஒண்ணு எடுக்கணும், மூணு வீட்டுக்கு" என்றாள்.

"எடை சரியா இருக்குதான்னு நான் பாக்குறேன். இது எடுக்கறது இல்ல, சோதனை."

"சோதிங்க."

"மாமா, வேணாம் மாமா, முதுகு..." என்றார் மாப்பிள்ளை.

"முதுகு என்னோடது மாப்ள."

மூட்டையின் காதைப் பிடித்து ஒரு தம் கட்டித் தோளில் ஏற்றினேன். ஏறியதே தெரியவில்லை. பஞ்சு மாதிரி உட்கார்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இது என்ன பெரிய கடை! சர்க்கரையில் கால்வாசியைக் காணோம்!

"மாட்டிக்கிட்டான்!" என்று கத்தினேன். "எடை குறையுது! கூப்பிடு கடைக்காரன!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைச் சட்டை போட்ட பையன் ஒருவன் ஓடி வந்தான். நான் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமல் அவனுக்கு முன்னால் நடந்தேன். பின்புறம் இருந்த தராசில் இறக்கினோம். முள்ளெல்லாம் இல்லை, எண் எரிகிற தராசு. மூட்டையில் என்ன அச்சடித்திருந்ததோ அதையே காட்டியது. ஒரு பொட்டு குறையவில்லை.

"தராசு திருட்டுத் தராசு" என்றேன்.

கடைக்காரப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "ஐயா, தராசு சரியாத்தான் இருக்குது. உங்களுக்குப் பின்னாடி அந்த சார் மூட்டைய அடியில தாங்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தாரே, அதனால லேசா இருந்திருக்கும்."

திரும்பினேன். மாப்பிள்ளை இரண்டு கையையும் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"என்ன மாப்ள?"

"இல்ல மாமா... நீங்க தூக்கறப்ப நான் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா நல்லா இருக்காது. வேணாம்னு இன்னொரு தடவை சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்க. அதான் சும்மா... பின்னால லேசா ஒரு கை..."

மரியாதை தெரிந்த மாப்பிள்ளை வாய்த்தால் இதுதான் கதி. மூட்டைக்கு ஒரு கை, நம் மானத்துக்கு ஒரு கை என்று தாங்குவார். இரண்டையும் ஒன்றாகக் கீழே போடுவார். என் வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பெட்டியடுக்கில் சாய்ந்துவிட்டாள்.

"சிரி, சிரி. நான் இன்னும் ஒண்ணும் கை நீட்டல."

"ஆமாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் நீட்டல."

அங்கிருந்து என்னை இரண்டு சந்து தள்ளி அழைத்துப் போனாள். அங்கே அவள் வாங்குகிற சாமான் ஒன்றும் இல்லை. ஏணி, கயிறு, கருவிப்பெட்டி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த மாப்பிள்ளையிடம் அதைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னாள்.

"டிராலி நிறைஞ்சு போச்சு. நீங்க மூட்டைக்குக் காவலா இங்கயே நில்லுங்க. நாங்க பேப்பர் கட்டு எடுத்துட்டு வந்துடறோம். ஒண்ணையும் தொடாதீங்க."

போய்விட்டார்கள். நானும் மூட்டையும். எதிரே, தட்டில் சாய்த்து வைத்திருந்தது ஒரு கைவண்டி. இரண்டு சக்கரம், நிமிர்ந்த முதுகு, அடியில் ஒரு தட்டு. மூட்டையைத் தட்டில் நிற்கவைத்து, சாய்த்து, தள்ளிக்கொண்டு போவதற்கு. எங்கள் குடோனிலும் ஒன்று இருந்தது. சக்கரம் கோணிப்போய், அதைத் தள்ளுவதற்கு மூட்டையே தேவலை. நல்லதாக ஒன்று வாங்கிக் கொடு என்று கேட்டால் மேஸ்திரி, "தோள் இருக்கறவனுக்கு வண்டி எதுக்குடா?" என்பான்.

இது வெள்ளை உலோகம். ஒல்லியாக இருந்தது. இதுவா மூட்டை தாங்கும்? வளைந்துவிடும். ஏமாற்று வேலை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதானே பந்தயம்? வளைத்துக் காட்டினால் முடிந்தது.

இறக்கினேன். விரல் கனம்கூட இல்லை. தட்டை மூட்டைக்கு அடியில் கொடுத்துக் கைப்பிடியை என் பக்கம் சாய்த்தேன். நான் முதுகைக் கெட்டியாக வைத்துக்கொண்டேன், பழக்கதோஷம். பாரம் வரவில்லை. பாரம் முழுக்கச் சக்கரத்துக்குப் போய்விட்டது. தள்ளினேன். போனது. சிமெண்டுத் தரையில் சத்தமே இல்லாமல், சொன்னபடி கேட்கிற கன்றுக்குட்டி மாதிரி கூடவே வந்தது. சந்துக் கோடி வரைக்கும் போனேன். ஒரு கையால் திருப்பினேன். திரும்பியது. வேகமாகத் தள்ளிப் பார்த்தேன். அதற்கும் வந்தது.

இந்தக் கோடிக்கு வந்து நிமிர்ந்தால் என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை.

"எடுத்தீங்க" என்றாள்.

"எடுக்கல. வளையுதான்னு பாத்தேன்."

"வளைஞ்சுதா?"

"இன்னும் வளையல."

"நீங்களா கைய நீட்டினீங்களா இல்லையா?"

"மாப்ள, நீங்களே நியாயம் சொல்லுங்க."

பாவம், அந்த மனிதருக்கு இந்தப் பக்கம் மாமனார், அந்தப் பக்கம் மாமியார். "நான் எடுக்கறப்ப பாக்கலைங்க மாமா" என்றார். "ஆனா தள்ளிக்கிட்டு வரும்போது நீங்க சிரிச்சுக்கிட்டே வந்தீங்க."

இவரை நம்பிப் பெண்ணைக் கொடுத்தேன்.

அப்போதுதான் அவர்களின் டிராலியைப் பார்த்தேன். நிறைந்துவிட்டதாம். இன்னும் இரண்டு மூட்டை தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடம். அவளைப் பார்த்தேன். அவள் பேப்பர் கட்டைச் சரிசெய்து வைத்தாள், ரொம்பப் பொறுப்பாக.

கார்டுக்குக் காசு கட்டினேன். வாயைத் திறக்கவில்லை; பந்தயம் பந்தயம்தான். மேசையில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வீட்டுக்காரருக்கும் ஒரு கார்டு உண்டுங்க, தனியா காசு இல்ல. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"என் மூஞ்சி எனக்கு வேணும்" என்றேன்.

வாசலில் ஒரு ஆள் நின்றான். பில்லை வாங்கி, டிராலியைப் பார்த்து, பில்லைப் பார்த்து, மறுபடி டிராலியைப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் வெளியே விட்டான். இத்தனை காசு வாங்கிய பிறகும் நம்பமாட்டேன் என்கிறான். அந்தக் கடையில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவன்தான். "நல்லாப் பாருப்பா" என்று கைவண்டியையும் காட்டினேன். பார்த்தான். தொழில் தெரிந்தவன்.

கார் நிற்கிற இடத்துக்கு வந்ததும் இடது சக்கரம் கீச்சென்றது.

"கேட்டியா? நான் சொல்லல?"

"புதுச் செருப்புகூடத்தான் கத்தும். பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாங்க, வாங்கிக்குவாங்க. உள்ள போலாமா?" என்று நின்றாள். கையில் புதுக் கார்டு. சாயங்காலப் பங்குக்கு வரச் சொல்லி அதற்குள் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாகிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

விற்றதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறவன் இருக்கிறான் என்று சொன்னால் நான் நம்பவேண்டுமா? அதிலும் ஏதோ சூது இருக்கிறது. இன்றைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். கைவண்டியைச் சாய்த்தேன். அது கீச் கீச்சென்று கூடவே வர, கடையைத் திரும்பிப் பார்க்காமல் காரைப் பார்த்து நடந்தேன்.