சிரித்தவர்களில் ஒருத்தி

குமுதா, பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஆலோசக ஆசிரியை நோர்மா பேசினார்.

"காமினி விஷயமா பேசணும். இன்னைக்கே வர முடியுமா?"

"என்னாச்சு டீச்சர்? யாராச்சும் அடிச்சுட்டாங்களா?"

"அடியெல்லாம் இல்ல. நேர்ல வாங்களேன்."

அதற்குப் பிறகு குமுதாவுக்குக் கை ஓடவில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். பள்ளி இருக்கும் ஜெலுத்தோங் போகும் சாலை முழுக்கக் கார்கள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு பயம் புதிதாக முளைத்தது. காமினி இரண்டாம் படிவம், பதினான்கு வயது. கணவர் சிங்கப்பூரில் வேலை. என் பிள்ளையைத் தொட்டவள் எவளாக இருந்தாலும் சும்மா விடுவதில்லை என்று பேச வேண்டியதையெல்லாம் வழியிலேயே பேசிப் பார்த்துக்கொண்டாள்.

ஆசிரியையின் அறையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹக்கீம் என்று பெயர். நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் ஷாஹிராவும் காமினியும் ஒரே வகுப்பு.

"ஷாஹிரா ஒன்பது நாளா ஸ்கூலுக்கு வரல," என்றார் நோர்மா. "இதைக் கேளுங்க."

கைப்பேசியில் ஒரு குரல் பதிவு ஓடியது. ஒரு பெண் மலாய்ப் பாடத்தை வாசிக்கிறாள். ஒரு சொல்லில் நாக்கு திக்குகிறது. மறுபடி முயல்கிறாள்; மறுபடியும் திக்குகிறது. பின்னால் சிரிப்பு. பிறகு வேறொரு குரல் அந்தத் திக்கலை அப்படியே செய்து காட்டுகிறது. சிரிப்பு இன்னும் பெரிதாகிறது.

இரண்டாவது குரல் யாருடையது என்று யாரும் குமுதாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வகுப்புக்குள்ள போன் கொண்டு வந்து யாரோ பதிவு பண்ணியிருக்காங்க," என்றார் நோர்மா. "வாட்ஸாப் குரூப்ல சுத்துது. இப்ப மத்த வகுப்புக்கும் போயிருச்சு."

"பிள்ளைங்க விளையாட்டா…" குமுதாவின் வாய் தானாகத் தொடங்கியது. ஹக்கீம் நிமிர்ந்து பார்த்தார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. "வீட்டுலயும் பேச்ச நிறுத்திட்டா அக்கா," என்றார். "தண்ணி வேணும்னாகூட எழுதிக் காட்டுறா. எங்கிட்டயே."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குமுதாவுக்குத் தெரிந்தது. ஆனால் சொல் வரவில்லை. அவர் எழுந்து போன பிறகுதான் வந்தது.

அன்று மாலை காமினி பையைக்கூடக் கழற்றுவதற்குள் குமுதா கேட்டாள். "ஷாஹிரா மாதிரி பேசிக் காட்டுனது நீதானே?"

"எல்லாரும்தான் சிரிச்சாங்க. நான் மட்டுமா?"

குமுதா கையை ஓங்கினாள். மகள் பின்வாங்கவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவள் நின்ற விதத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. இப்படி நிற்க இவள் எங்கே பழகினாள்?

"ஏன் செஞ்சே? அந்தப் பிள்ள உனக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல." காமினி அழத் தொடங்கினாள். "போன வருஷம் நான்தான்மா. என்னைத்தான் இப்படிச் செஞ்சாங்க. நான் உட்கார்ந்தா மூக்கப் பொத்திக்கிட்டு எழுந்து போவாங்க. கான்டீன்ல தனியாத்தான் சாப்பிடுவேன். அப்புறம் ஷாஹிரா பக்கம் திரும்பிட்டாங்க. நானும் சிரிச்சா என்னை விட்டுருவாங்கன்னு…"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வயித்து வலின்னு சொன்னேன்ல? ரெண்டு வாரம் சொன்னேன். மருந்து குடுத்து அனுப்பி வச்சே."

குமுதா உட்கார்ந்தாள். அது நினைவிருந்தது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று திட்டியதும் நினைவிருந்தது. உட்கார முடியாமல் மறுபடி எழுந்தாள்; சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள்.

"நான் கேட்டிருக்கணும்," என்றாள் கடைசியில். "அது என் தப்பு. ஆனா உனக்கு வலிச்சது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் அதையே இன்னொருத்திக்குச் செஞ்சிருக்கே."

காமினி பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹக்கீமின் எண்ணை நோர்மா டீச்சர் வழியாகக் கேட்டு வாங்கி, குமுதா பேசினாள். மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாள். "இப்ப வேணாம் அக்கா," என்றார் அவர். "உங்க பிள்ளைக்கு மனசு லேசாகும். எம் பிள்ளைக்கும் லேசாகணும்ல?"

அந்தப் பதிலைக் குமுதா மகளிடம் அப்படியே சொன்னாள். காமினி கைப்பேசியைக் கையில் எடுத்தாள். பிறகு குரூப்பில் எழுதினாள்: அந்தப் பதிவில் பேசிக் காட்டியது நான். அது தப்பு. யாரும் இனி அனுப்பாதீர்கள், அழித்துவிடுங்கள். பதிலுக்குச் சிரிக்கும் முகப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பத்து நிமிடத்தில் அவளைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"பார்த்தியாமா? நாளையிலேர்ந்து மறுபடியும் நான்தான் லா," என்றாள்.

"இந்தத் தடவ எனக்குத் தெரியும்," என்றாள் குமுதா. ஆனால் தெரிந்திருப்பது மட்டும் போதுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

நோர்மா டீச்சர் சும்மா இருக்கவில்லை. சம்பந்தப்பட்ட மாணவிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், பெற்றோர்களையும் வரவழைத்தார். ஓய்வு நேரத்தில் கான்டீனில் ஓர் ஆசிரியர் நிற்க ஏற்பாடு செய்தார். அடுத்த புதன்கிழமை ஷாஹிரா பள்ளிக்கு வந்தாள். காமினி எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை ஆசிரியையின் கையிலிருந்து வாங்கி, பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காமினி நினைத்ததும் நடந்தது. ஒருநாள் அவளுடைய நாற்காலியைக் காணோம். இன்னொரு நாள் பைக்குள் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். குமுதாவுக்கு வேலையில் கவனம் நிற்கவில்லை. பள்ளி முடியும் நேரம் நெருங்கினால் கடிகாரத்தையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு யார்கூட சாப்பிட்டே?" என்று தினமும் கேட்டாள். சில நாள் பதில் வரும். பல நாள் வராது. வராத நாட்களில் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காமினி சோற்றைப் பிசைந்துகொண்டே தானாகப் பேசினாள்.

"இன்னைக்கு மலாய் வாய்மொழித் தேர்வு. ஷாஹிரா வாசிச்சா."

குமுதா சாப்பிடுவதை நிறுத்தினாள். "ம்?"

"ரெண்டு மூணு இடத்துல திக்குச்சு. பின்னாடி ஒருத்தி சிரிக்க ஆரம்பிச்சா. நான் திரும்பி, 'டியாம் லா, வாய மூடு, அவ படிக்கட்டும்'னு சத்தமாச் சொல்லிட்டேன். வகுப்பே என்னைப் பார்த்துச்சு."

"ஷாஹிரா?"

"நிறுத்தல. கடைசி வரைக்கும் வாசிச்சு முடிச்சா. என்னைப் பார்த்தாளா இல்லையான்னு தெரியல."

"அப்புறம் யாராச்சும் உன்னை ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. கழிவறை வாசல்ல வழி மறிச்சு நின்னாங்க."

குமுதா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "திங்கக்கிழமை நான் லீவு போட்டு வரேன். டீச்சர்கிட்ட நானே…"

"வேணாம்மா, உட்காரு. நானே நேரா போய் நோர்மா டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். பேர் பேராச் சொன்னேன். டீச்சர் எழுதிக்கிட்டாங்க."

குமுதா உட்கார்ந்தாள். காமினி குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.