அடித்தல் திருத்தலுடன் ஒரு வெள்ளிக்கிழமை

1

வெட்கப்பட்டதால் எழுத உட்கார்ந்தேன். அதுதான் இந்தக் கதையின் பிறப்பு. பாய்சாந்து ஊரில் நாற்பத்தொரு ஆண்டுகள் பத்திரம் எழுதிய நோட்டரி நான். எங்கள் குடும்பப் பெயர் பிதெகாயின். அடித்தல் உள்ள ஒரு தாளையும் கையெழுத்துக்கு வைத்ததில்லை. ஆகவே இப்படித் தொடங்கினேன்:

[எங்கள் வீட்டில் யாரும் அரைகுறை வேலையைப் பிறர் கண்ணில் காட்டியதில்லை.]

கம்பீரமான வரி. ஆனால் என் மகள் மைதே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைத்தான் செய்கிறாள். நான்கு நாடுகளில் அவரவர் வீட்டிலிருந்து மென்பொருள் எழுதும் ஆறு பேருக்கு அவள் தலைவி. எதுவரை முடிந்ததோ அதுவரை வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டிவிட வேண்டும். அவர்கள் முறை அது.

2

அந்த வெள்ளிக்கிழமை சாந்தியாகோவிலிருந்து வாடிக்கையாளர் திருமதி ஒசாந்தோன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பல் மருத்துவமனைகளுக்கான முன்பதிவுச் செயலி. குழுவை வைத்துக்கொள்வதா, கலைப்பதா என்று அவர் முடிவு செய்யவிருந்தார்.

"மைதே, பின்னாடி கோட்டு போட்டு நிக்கிறது யாரு, நீதிபதியா?" என்றான் அசுன்சியோனிலிருந்து ஃபெர்மின், குழுவில் ஒருவன்.

"எங்கப்பா. தீர்ப்பு அப்புறம் சொல்வாரு. நீ காட்டு."

[ஃபெர்மின் பொறுப்பற்றவன்.

இல்லை. கதைக்கு வசதியாக இருந்ததால் அப்படி எழுதிப் பார்த்தேன்.]

முன்பதிவு நடந்தது. ரத்து செய்ய அழுத்தியதும் திரை உறைந்துவிட்டது.

"இது யாரு பண்ணது?" என்றார் திருமதி.

பேச்சை மாற்று, மகளே, என்று நான் மனதுக்குள் கத்தினேன். என் கையிலிருந்த மாத்தே இலைத் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"இது வேலை செய்யல மேடம். சோதிச்சுப் பாக்க இன்னும் ரெண்டு நாள் வேணும்னு ஃபெர்மின் கேட்டான். வேணாம்னு சொன்னது நான். இதோ, எழுதியே வச்சிருக்கேன்."

குழுவின் பொதுப் பலகையைத் திறந்தாள். முடிவு, தேதி, கீழே பெயர்: மைதே பிதெகாயின்.

"அதை எனக்கு அனுப்பும்மா. திங்கக்கிழமை சொல்றேன்" என்றார் அவர். திரை அணைந்தது.

"தப்புக்குக் கீழ நம்ம பேரையா எழுதி வைப்ப?" என்றேன்.

"வேற யாரு பேரை எழுதறதுப்பா?"

3

குழு பிழைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். கலைந்ததாக இன்னொன்று. இரண்டிலும் மைதே அதே நாற்காலியில், அதே நேரான முதுகுடன் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் தொழிலில் அடித்ததை மறைக்கக் கூடாது. எது செல்லாது, எது செல்லும் என்று அடியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த அவமானம் எனக்கு வரவில்லை என்று நாற்பத்தொரு ஆண்டுகள் பெருமைப்பட்டேன். இப்போது எழுதுகிறேன்:

அடித்தது: 'எங்கள் வீட்டில் யாரும்' என்று நான் தொடங்கிய வரி. செல்லாது.
சேர்த்தது: என் மகளின் கடைசி வாக்கியம். செல்லும்.
திங்கட்கிழமை: ................

அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பாத வரிக்குக் கீழே நான் கையெழுத்திடுவது இதுவே முதல் முறை.

அ. பிதெகாயின்