இல்லாத வாசனை

"வாசனையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே" என்று அண்ணன் மூன்றாவது முறையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே, தம்பி தப்பான துளையில் மாட்டியிருந்த சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாக மாட்டினார். "டாக்டர் கேட்டா இல்லைன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. அண்ணி பின்னாடி ரூமை ஒழிச்சு வச்சிருக்கா. குணமாயிடுச்சுன்னு இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா, சாயங்காலம் நம்ம வீட்ல சாப்பிடலாம்."

தம்பி தலையை ஆட்டினான். அவனுக்கு நாற்பது வயது. பதினெட்டு வருடம் வயர்மேன் வேலை பார்த்தவன். இந்த மனநல இல்லத்திலும் எல்லோருக்கும் அவன் வயர்மேன்தான். காதில் யாரோ பேசத் தொடங்கிய பிறகு இங்கே கொண்டுவந்து விட்டார்கள், மூன்று வருடமாகிறது. அக்கம்பக்கத்தில் வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். வீட்டில் ஒருவருக்கு மனம் நோகலாம். அது பக்கத்து வீட்டுக்குத் தெரியத்தான் கூடாது. நம் குடும்பங்களின் மானம் அவ்வளவு மெல்லிய துணியால் ஆனது.

இல்லத்தின் வாசலில் "உங்கள் உறவினரின் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு" என்று பெரிய பலகை இருந்தது. அந்தப் பொறுப்பை நிர்வாகி ஒரு பூட்டிடம் ஒப்படைத்திருந்தார். நீளமான ஒரே கூடம், இருபத்திரண்டு கட்டில்கள், ஜன்னல்களில் இரும்புக் கம்பி, ஒரே கதவு. சாப்பாட்டு நேரமும் டாக்டர் வரும் நேரமும் போக, கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கும். சாவி நிர்வாகியின் மேஜை இழுப்பறையில். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடாமல் காப்பதற்குத்தான் பாதுகாப்பு என்று அங்கே பெயர்.

பூட்டுக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது பதிவேட்டை. உள்ளே இருப்பவர் எதைச் சொன்னாலும் அது நோயாகத்தான் அதில் ஏறும். அழுதால் மனச்சோர்வு. சிரித்தால் காரணமற்ற சிரிப்பு. இரண்டும் செய்யாமல் ஒரு மூலையில் உட்கார்ந்தால் ஒதுங்கியிருத்தல். ஒருநாள் வாத்தியார், சாப்பாட்டில் ஏதோ குறைகிறது என்று தட்டைத் தள்ளினார். வாத்தியார் என்றால் முன்னாள் கணக்கு வாத்தியார். இப்போது கைத்தடியோடு கட்டிலுக்கும் கழிவறைக்கும் மட்டும் நடப்பவர். உணவின் மேல் சந்தேகம் என்று எழுதினார்கள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அன்றைக்கு உப்புப் போட மறந்தது சமையல்காரம்மா. மறதி அவளுக்கு, மாத்திரை அவருக்கு. அவளே அதை நிர்வாகியிடம் போய்ச் சொன்னபோது, எழுதியதை அடிக்கக்கூடாது, அது விதி என்றார். அந்த அம்மா அன்றிலிருந்து வாத்தியார் தட்டை வைப்பதற்கு முன்னால் தன் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாள். இறைவனிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம்; வாத்தியாரிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசனை தொடங்கி இருபது நாள் ஆகிறது. நிர்வாகி தன் அறைக்கு ஏசி வைத்துக்கொண்டார். அதற்குத் தனியாக வயர் இழுக்காமல், கூடத்துச் சுவரில் இருந்த பழைய சுவிட்ச் போர்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான் ஒருவன். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட மெல்லிய வயர் அது. ஃபியூஸ் இரண்டு தடவை போனது. மூன்றாவது தடவை போகாதபடி அதில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டார்கள். அந்த நாளிலிருந்து ஏசி ஓடும்போதெல்லாம் போர்டிலிருந்து அழுகின மீன் போல ஒரு நெடி வந்தது. சூட்டில் பிளாஸ்டிக் வேகும் நெடி அது என்று வயர்மேன் சொன்னான். போர்டுக்கு நேர் கீழே வாத்தியாரின் கட்டில்.

"கரண்டுல மீன் வாசனையாம்" என்று நிர்வாகி வயிறு குலுங்கச் சிரித்தார். பதிவேட்டில் ஏற்றினார். கூடத்தில் வேறு சிலருக்கும் அந்த நெடி தெரிந்தது. ஆனால் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியுமாதலால் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

டாக்டர் மாதம் ஒருமுறை வந்து, நிர்வாகியின் அறையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு பேரையும் பார்த்துவிடுவார். வயர்மேன் முறை வந்தபோது அண்ணன் பக்கத்தில் நின்றார். தூக்கம், பசி, பழைய குரல்கள் எல்லாம் விசாரித்தாயிற்று. எல்லாவற்றுக்கும் நல்ல பதில். டாக்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டே, அந்த வாசனை இன்னும் வருகிறதா என்று கேட்டார்.

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வயர்மேன் அண்ணனைப் பார்த்தான். மூன்று வருடமாகக் கனவில் வந்த அந்தப் பின்னறை ஒரு சொல் தூரத்தில் இருந்தது. பிறகு, தடியைத் தேடிக்கொண்டே எழும் வாத்தியாரை நினைத்தான். அந்த ஒற்றைக் கதவை நினைத்தான்.

"வருது டாக்டர். இந்த ஏசி ஓடுறப்ப வருது, நிறுத்தினா போயிடுது."

"முன்னாடி குரல் கேட்ட மாதிரியா?"

"அது வேற டாக்டர். அது என் தலைக்குள்ள இருந்து வரும், எனக்கே தெரியும். இது போர்டுல இருந்து வருது."

டாக்டர் பெருமூச்சு விட்டு எழுதினார். நிர்வாகி அண்ணனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

தேநீர் கொண்டுவந்த சமையல்காரம்மா வாசலில் நின்றபடி, "எனக்கும் அந்த நாத்தம் வருதுங்க" என்றாள்.

"ஒட்டுவாரொட்டியா இது? உனக்கும் ஒரு கட்டில் போடட்டுமா?" என்றார் நிர்வாகி. டாக்டருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஆளை வரச் சொன்னார்.

அந்த அம்மா தேநீரை மேஜையில் வைத்தாள். டாக்டரின் வண்டி கிளம்பும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, கதவைப் பூட்டுவதற்கு முன் கூடத்துக்குப் போய், விளக்குமாற்றின் மரக்காம்பால் போர்டின் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். நாற்காலி ஒன்றை அதனடியில் இழுத்துப் போட்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

ஏசி நின்றது. வியர்த்து விறுவிறுத்து நிர்வாகி வந்து, வேலையை விட்டே அனுப்பிவிடுவதாக இரைந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போர்டுல ஒண்ணும் இல்லைன்னா நீங்களே கை வச்சுப் போடுங்க சார். எனக்குக் கை ஈரம்."

இருபத்திரண்டு பேரும் கட்டில்களிலிருந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நிர்வாகி சுவிட்சைப் பார்த்தார். கையைத் தூக்கினார். அந்தக் கை பாதி வழி போய், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தது. பிறருடைய தலைக்குமேல் இருபது நாளாக இல்லாதிருந்த ஆபத்து, தன் விரல் நுனிக்கு வந்ததும் உண்டாகிவிட்டது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார். ஏசி ஓடவில்லை என்று மட்டும் சொன்னார்.

வந்தவன் போர்டைத் திறந்தான். வயரின் மேலுறை உருகி, பின்னாலிருந்த மரப்பலகை கரியாகியிருந்தது. அவன் பூட்டு தொங்கும் கதவைப் பார்த்தான், ஜன்னல் கம்பிகளைப் பார்த்தான். அப்புறம், யார் முதலில் கண்டுபிடித்தது என்று கேட்டான். சமையல்காரம்மா வயர்மேனைக் கத்தியால் காட்டினாள்.

"அண்ணே, வாங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்றான் அவன்.

மூன்று வருடத்தில் வயர்மேனை 'வாங்க' என்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் சேர்ந்து ஏசிக்குத் தடித்த வயரைத் தனியாக இழுத்தார்கள். வயர்மேனின் விரல்கள் மாத்திரையால் நடுங்கின. ஆனாலும் முடிச்சை அவை மறந்திருக்கவில்லை. கருகிய துண்டை எலக்ட்ரீஷியன் நிர்வாகியின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். நிர்வாகி அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், குணமானதாகத் தாள் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் எழுதிவிட்டார், இனி அடுத்த மாதம்தான் என்றார் நிர்வாகி. அண்ணன் தம்பியைத் தனியே கூப்பிட்டார்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் நாம வீட்ல இருந்திருக்கலாம்ல?"

"நான் இருந்திருப்பேண்ணே. இவங்க?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது அவர் நடையில் ஒரு லேசு தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல இன்னும் ஒரு மாதம் புதுப் பொய் எதுவும் தேட வேண்டாம்.

டாக்டர் எழுதியதன் கீழே நோயாளி கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் விதி. நிர்வாகி பதிவேட்டை நீட்டினார். வயர்மேன் எழுத்துக் கூட்டிப் படித்தான். இல்லாத வாசனை வருவதாகக் கூறுகிறார். தன் நோயை உணரவில்லை. மாத்திரை ஒன்று, இனி இரண்டு.

அவன் பேனாவை வாங்கினான். வேலை முடிந்த வீடுகளில் எழுதிக்கொடுத்துப் பழகிய கையால், நிதானமாக எழுதினான்: "புகார்: கருகல் வாசனை. காரணம்: மெல்லிய வயரில் ஏசி. வயர் மாற்றப்பட்டது. இப்போது வாசனை இல்லை." அடியில் தன் பெயரைப் போட்டு, தேதியும் போட்டான்.

நிர்வாகி அதை அடிக்கப் பேனாவைப் பிடுங்கினார். எழுதியதை அடிக்கக்கூடாது. பேனா அந்தரத்தில் நின்றது.

வயர்மேன் இரண்டு மாத்திரைகளுக்காகக் கையை நீட்டினான்.